பெத்துராஜ் பழுது பார்த்த கோடாலி

பீரோ திறந்துகொண்டது. ஆனால் கோடாலியின் வெட்டும் வாயில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் காணவில்லை.

சங்கரன்கோவிலில் வக்கீல் தேன்மொழியிடம் பெத்துராஜ் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. முன்பு பார்த்த நான்கு வேலைகளிலும் எதையாவது உடைத்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தான்.

"இதுவும் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருதேன்" என்று மனைவி மாலா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

கோடாலி முந்தின நாள்தான் வந்தது. குருவிகுளம் கோமதித்தாய் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"ஜமீன் காலத்துச் சாமான். வியாழக்கிழமை கோர்ட்ல காட்டணும், பத்திரம்" என்று தேன்மொழி சொல்லிவிட்டுப் போனார். பீரோச் சாவியைத் தொலைத்த பதற்றத்தில் பெத்துராஜ் சாக்குக்குள் கையை விட்டு, கோடாலியை உருவி, பூட்டில் ஒரே ஒரு நெம்பு நெம்பினான். அவ்வளவுதான் செய்தான்.

உடைந்த துண்டைத் தேடித் தரை முழுக்கத் தவழ்ந்தான். அதுவும் கிடைக்கவில்லை.

ராஜபாளையம் ரோட்டில் பொன்னுச்சாமி ஆசாரியின் பட்டறைக்கு ஓடினான்.

"ஒடைஞ்சதே தெரியக்கூடாது அண்ணாச்சி."

"லாரி ஸ்பிரிங் பட்டையில ஒரு துண்டு வெட்டி, காய்ச்சி ஒட்ட வச்சிருவோம் வே. காம்பைக் கழட்டணும்."

கழற்றும்போது காம்பு நெடுகப் பிளந்தது.

"பழைய காம்புல்லா" என்றார் ஆசாரி, தப்பெல்லாம் காம்பு மேல்தான் என்பதுபோல.

உலையில் சிவந்து, சம்மட்டி அடி வாங்கி, எண்ணெயில் முங்கி எழுந்த கோடாலி, புதுக் காம்போடு பளபளத்தது. பெத்துராஜ் அழாத குறை.

"நேத்துக் கடையில வாங்கினது மாரி இருக்கே. நூறு வருசத்துத் துரு எங்க?"

"அதுக்கு நூறு வருசம் ஆகும்லா."

வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டான். துரு அழகாகத்தான் பிடித்தது. பாவம் மனுசன், தேய்க்கத்தான் ஊறவைத்திருக்கிறார் என்று இரங்கி, மாலா புளி போட்டுத் தேய்த்து, எண்ணெயும் பூசி வைத்துவிட்டாள். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்போல இருந்தது.

புதுக் காம்பையாவது கறுப்பாக்கலாம் என்று மிச்சமிருந்த டீயைப் பூசினான். சர்க்கரை போட்ட டீ. வியாழக்கிழமை காலையில் எறும்புகள் வரிசையாகக் காம்பில் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டு, சாக்கில் சுற்றிக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போனான்.

தேன்மொழி கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, ஜட்ஜ் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். பெத்துராஜ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். மாலா பெட்டி கட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஜட்ஜ் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

பெத்துராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதல் தடவையாக ஒரு வேலையில் தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற கோமதித்தாயின் பக்கத்து வீட்டுக்காரரான எதிர்த்தரப்பு இசக்கித்துரை மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அய்யா, இரவல் வாங்கி வாயை ஒடைச்சுக் குடுத்துட்டேன்னு எம்மேல கேஸ் போட்டிருக்காவளே, அது இந்தக் கோடாலிதானாய்யா?"