மூன்றாவது சிவப்புக் கோடு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் பேத்தியும் பேரனும் சுகம். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும் அத்தையின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அடிக்கோடு போட்டிருந்த வரிகளை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

உங்கள் மகள் மூன்று மாத நர்ஸ் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பியபோது, பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நான் மார்தட்டினேன். ஒரு மாதம் கெடு தருகிறேன், அதற்குள் பள்ளிக்கூட வாசல் நோட்டில் தாமதத்துக்கான சிவப்புக் கோடு மூன்று விழுந்தால் இரண்டு பேரையும் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, ஒரு நிமிடம் தாமதமான ரயிலைக்கூட மன்னிக்காதவர் நீங்கள். ஆனால் மாமா, ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. உங்கள் பேரனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

முதல் கோடு சாக்ஸால் விழுந்தது. நாலரை வயதுக் காலில் சாக்ஸ் மாட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது நிமிடம். நுனியில் ஒரு தையல் ஓடுகிறதல்லவா, அது சுண்டுவிரலைத் தொடக்கூடாதாம். கழற்றினேன், மாட்டினேன், திருப்பினேன், கெஞ்சினேன். கடைசியில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டதும் துரை சமாதானமானார். அதற்குள் கேட் மூடிவிட்டார்கள். இரண்டாவது கோட்டுக்குக் காரணம் உங்கள் பேத்தி. அவள் பொறுப்பான பிள்ளைதான், மறுக்கவில்லை. எட்டு வயதில் என்னைவிட நன்றாகத் தலை வாரிக்கொள்கிறாள். ஆனால் வாசற்படி தாண்டி, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான், இன்றைக்கு அட்டையில் ஒரு வீடு செய்து கொண்டுபோக வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பூட்டைத் திறந்து, என் புது பூட்ஸ் வந்த பெட்டிக்குக் கதவும் ஜன்னலும் வெட்டி, புகைபோக்கி வேண்டும் என்றாள், அதையும் ஒட்டினேன். வீடு அருமையாக வந்தது. கோடும் விழுந்தது.

இனி ஒரு கோடுதான் பாக்கி என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் யார்? தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். மணி அடித்து ஒரு நிமிடத்தில் எங்கள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். கால்சட்டையை பூட்ஸ் மேலேயே சுருட்டி வைத்திருப்போம், காலை விட்டு மேலே இழுத்தால் வேலை முடிந்தது. அதே முறையை வீட்டில் கொண்டுவந்தேன். இரண்டு நாற்காலி, இரண்டு சீருடை, இரண்டு ஜோடி ஷூ, எல்லாம் போடும் வரிசையில். எங்கள் தீயணைப்பு நிலையத்திலிருந்து பழைய கைமணி ஒன்றையும் கேட்டு வாங்கி வந்து, விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அடித்தேன். பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடத்தில் தயார். கீழ்வீட்டுத் தையல்காரர் வாளித் தண்ணீரோடு மேலே வந்துவிட்டார். மேல்வீட்டு டீச்சர் தன் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். அன்று மாலையே வீட்டுக்காரர் மணியைப் பறிமுதல் செய்தார். ஆனாலும் முறை நிலைத்துவிட்டது, இரண்டு வாரம் ஒரு கோடும் இல்லை.

இதில் நான் எதிர்பார்க்காத சங்கடம் ஒன்று இருந்தது. ஆறு மணிக்கே தயாரான பிள்ளைகளை எட்டு மணி வரை கசங்காமல், அழுக்காகாமல் வைத்திருப்பது தயார்ப்படுத்துவதைவிடப் பெரும்பாடு. கெடுவின் கடைசி நாளான நேற்று, இருவரையும் சோபாவில் உட்காரவைத்து, யாரும் அசையக் கூடாது என்று சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைய வேலைகளை யோசிப்பதற்காகக் கொஞ்சம் கண்ணை மூடினேன். திறந்தபோது எட்டு ஐந்து. பெரியவள் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவனைக் காணோம். கட்டிலடியில் தேடினோம், குளியலறையில் தேடினோம், கடைசியில் துணி அலமாரிக்குள் ஷூவோடு உறங்கிக்கொண்டிருந்தான். அவனை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்து ஓடினேன். நாங்கள் தெருமுனை திரும்பும்போதே காவலாளி கேட்டைச் சாத்தி, நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாமா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நெருப்பைப் பார்த்தவன் நான். ஆனால் இந்த இரண்டு பேரின் சத்தம் இல்லாத வீட்டுக்குள் தினமும் சாவியைப் போட்டுத் திறப்பதை நினைத்தால் பயமாக இருந்தது. ஒருநாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் காவலாளியிடம் கெஞ்சினேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். அப்போது எனக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் தலைமையாசிரியை. பாதி பின்னிய கூந்தல், ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் அவருடைய மகன். அவன் ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்தான்.

மகனின் வெறும் காலைக் காட்டி அவர் மெதுவாகச் சொன்னார், "சாக்ஸ் தையல் விரல்ல உறுத்துதாம். மூணு தடவை கழட்டி மாட்டிட்டேன்."

"உள்பக்கத்தை வெளியில திருப்பிப் போட்டுவிடுங்க மேடம். உறுத்தாது," என்றேன்.

கேட் ஓரத்திலேயே உட்கார்ந்து நானே போட்டுவிட்டேன். பையன் இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான். அந்த அம்மாள் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காவலாளியிடம், "அந்த நோட்டை மூடி வைங்க," என்றார். கேட் திறந்தது, கோடு விழவில்லை. நான் பக்கத்துக் கடையில் ஒரு டீ சொல்லி, குடிக்காமலே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நிம்மதி.

ஆகையால் மாமா, கெடு முடிந்தது, கோடு இரண்டோடு நின்றது. பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது என்பதை உங்கள் மகளுக்கும் தெரிவித்துவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கான ஆசிகளைத் தபாலில் அனுப்பினாலே போதும், அதற்காக நேரில் புறப்பட்டு வந்து சிரமப்பட வேண்டாம்.

என்றும் தங்கள் அன்புள்ள,
மூத்த மருமகன்

பி.கு.: தாத்தா, இது நான், பெரியவ. கவரை ஒட்டச் சொல்லி அப்பா குடுத்தாரு, படிச்சுப் பாத்துட்டேன். தினமும் காலையில முதல்ல எழுந்திருக்கிறது நான்தான். தம்பிக்குப் பல் தேய்ச்சு, சட்டை மாட்டி, தலை வாரி விடறதும் நான்தான். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடிச்சு அப்பாவைக் கட்டில்ல இருந்து இழுப்போம். நேத்து அவர் யோசிக்கல, குறட்டை விட்டாரு. நீங்க வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க தாத்தா. நாங்க வந்துட்டா அப்பாவை யாரு எழுப்பி வேலைக்கு அனுப்புவாங்க?