ஊஃபரை எந்த மூலையில் வைப்பது?

இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டர். ஜஸ்டஸ் சார் விசில் ஊதினால் ஐந்நூறு பிள்ளைகள் அப்படியே நிற்கும். ஒருமுறை ரோட்டில் போன பஸ்ஸே நின்றது. நிற்காத ஒரே ஆள் என் மனைவி நேசபாய்.

நான் ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து, சாயங்காலம் ஆறரை ஆனால் அவள் பக்கத்து வீட்டு ஜைனம்புவிடம் போய்விடுவாள். அங்கே பெரிய டிவி, சீரியல், சிரிப்பு. வர ஒன்பது ஆகும். மகள் பிரீனா கல்யாணமாகி தோஹாவுக்குப் போனபிறகு எங்கள் வீட்டில் சத்தம் போடுவது இரண்டே இரண்டு. ஒன்று ஃபேன், இன்னொன்று நான். ஒருநாள் பல்லி கத்தியது. "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் சபதம் எடுத்தேன். ஜைனம்பு வீட்டைவிடப் பெரிய சத்தம் நம் வீட்டில் வரவேண்டும். ஹோம் தியேட்டர்! நேசபாய் தானாக வந்து என் பக்கத்தில் உட்காருவாள். ஆனால் இதை அவளிடம் சொல்ல முடியுமா? பி.டி. மாஸ்டருக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

"எட்டி, ஒரு ஹோம் தியேட்டர் வேங்கலாம்னு பாக்கேன். கீதமெல்லாம் தெளிவா கேக்கும்லா?"

"வேங்குங்க."

ஆடிப்போனேன். துடைப்பம் வாங்கவே மூன்று நாள் யோசிக்கிறவள்.

"என்னத்துக்குன்னு கேக்கலியா?"

"கேட்டா வேங்காம இருப்பியளா? தக்கலையில எனக்குத் தெரிஞ்ச கட ஒண்ணு உண்டும். நானும் வாறேன்."

கடையில் லிஜின் என்பவன் விளக்கினான். நான் பலாப்பழத்தைத் தட்டுவதுபோல் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் சார். சென்டர் ஸ்பீக்கர்தான் முக்கியம். பேச்சு முழுக்க அதுலதான் வரும்."

"எங்க வீட்டுல அது நானாக்கும்" என்றாள் நேசபாய்.

"ஆம்ப்ளிஃபயர் நல்லதா எடுங்க. அதுதான் எல்லாத்தையும் ஓட்டுது."

"அதுவும் நான்தான்."

"ஊஃபர் பேசாது சார், முனங்கும். எந்த மூலையில போட்டாலும் ஒண்ணுதான். சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியாது."

நேசபாய் மெல்லத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். லிஜினும் பார்த்தான்.

"ஒரு விசயம் சார். சரவுண்டு சரியா கேக்கணும்னா நட்டநடுவுல ஒரு ஆளுதான் இருக்கணும்."

"ரெண்டு பேரு இருந்தா?"

"கெட்டுப்போவும்."

நேசபாய் உச்சுக்கொட்டினாள்.

மறுநாள் லிஜின் வந்து எல்லாவற்றையும் மாட்டினான். நேசபாயின் போனையும் புளூடூத்தில் சேர்த்துவிட்டுப் போனான். ஆறரைக்கு நான் டிவியைப் போட்டேன். ஏதோ படத்தில் மழை. முதுகுக்குப் பின்னால் சடசடவென்று கொட்டியது. நேசபாய் புதுச்சேலையில் வந்தாள்.

"நட்டநடுவுல இருங்க. நான் இருந்தா கெட்டுப்போவும்லா?"

போய்விட்டாள்.

நட்டநடுவில் இருந்தேன். நாலு பக்கமும் மழை. "நனையாதீங்க" என்று சொல்ல ஆளில்லை. பக்கத்து இடத்தில் ரிமோட் மட்டும் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. சொல்ல என்ன வெட்கம்?

படக்கென்று மழை நின்றது. ஐந்து ஸ்பீக்கரிலும் என் மகள் பேசினாள்.

"அம்மா, அப்பா ஹோம் தியேட்டர் வேங்கியாச்சா?"

"மக்கா!" என்று எழுந்தேவிட்டேன். பின்னால் திரும்பினால் யாருமில்லை. பக்கத்து வீட்டில் நேசபாய் வாய்ஸ் மெசேஜை அமுக்குகிறாள், சத்தம் புளூடூத் வழியாக இங்கே வருகிறது!

"இனி அவரு அதையே நோண்டிக்கிட்டு இருப்பாரு. நீ நிம்மதியா ஜைனம்பு மாமிக்க வீட்டுக்குப் போ. ஒரு ஆளுதான் நடுவுல இருக்கணும்னு லிஜின் சொன்னானா? என்கூட காலேஜ்ல படிச்சவன்லா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்!"

அங்கே நேசபாய்க்குச் சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடியும். நான் ஏமாந்த கதையை மூன்று தடவை கேட்டேன். குறை சொல்லக்கூடாது, ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். பிள்ளையின் குரல் இந்த வீட்டில் கேட்டு எட்டு மாசம் ஆகிறது. நாலாவது தடவையும் அமுக்கமாட்டாளா என்று இருந்தது.

போனோடு ஓடிவந்தாள். "கேட்டியளா, போனு கேடாயிட்டு. பிள்ளைக்க சத்தம் கேக்கல்ல."

"எனக்குக் கேட்டுது. மூணு தடவ."

என் கண்ணைப் பார்த்தவள் சோபா ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"தனியா இருக்க வெப்ராளமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லப்படாதா?"

"சொன்னா இருப்பியா?"

"பின்ன? நாளைக்கு ஆறரைக்கு நான் இஞ்சதான். எங்கயும் போமாட்டேன்."

ஜெயித்துவிட்டேன்! மறுநாள் ஐந்து மணிக்கே குளித்து, சட்டை மாற்றி, சோபாவை இரண்டு தடவை துடைத்தேன்.

நேசபாய் சொன்ன சொல் தவறவில்லை. ஆறரைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஜைனம்பு. அந்தப் பக்கம் ஜைனம்புவின் மருமகள் சஃப்னா. சீரியல் மாமியார் ஐந்து ஸ்பீக்கரிலும் அழுதாள்.

"எட்டி, மூணு பேரு இருந்தா கெட்டுப்போவும்லா?"

"பொம்பளைகளுக்குக் கெடாதாம். லிஜின்கிட்ட கேட்டாச்சு. நீங்க மூணு சாயா போடுங்க. சஃப்னாவுக்குச் சீனி வேண்டாம்."

அடுக்களையில் நின்று முனங்கினேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. லிஜின் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. ஊஃபரை எந்த மூலையில் போட்டாலும் ஒன்றுதான்.