ஒரு பட்டன், இரண்டு லிஃப்ட்

ஒரு தடவைதான் பட்டனை அழுத்தினாள். இரண்டு லிஃப்டும் இறங்கி வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

“ஒரு ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு? ஒரு காலை இதுல, இன்னொண்ணை அதுல வச்சுக்கிட்டா போறது?” என்றார் வாட்ச்மேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்டை ஓட்டும் ப்ரோகிராம் அவள் எழுதியது; அதைப் பார்க்கப் பதினொரு மணிக்குக் கட்டட முதலாளிகள் வருகிறார்கள். கையெழுத்து விழாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளுக்கு வேலை இல்லை.

வாட்ச்மேன் மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். ஒரே ப்ரோகிராம், உள்ளே லிஃப்டுக்கு ஒன்றாக, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட். எந்த மாடியில் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் இரண்டுக்கும் பொது.

“ஒரே நோட்டை ரெண்டு பேர் பாக்குறாங்க அண்ணே. ஒருத்தர் படிச்சுக் கோடு போட்டு அடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தரும் படிச்சிட்டுக் கிளம்பிடுறாங்க.”

“அப்ப நோட்டைப் பூட்டி வையி.”

வைத்தாள். ஒரு லிஃப்ட் கதவைச் சாத்திக் கிளம்பும்வரை மற்றது நோட்டைத் தொடக்கூடாது. இடது லிஃப்ட் கீழே வந்து நின்றது. தரை துடைக்கும் அக்கா அதன் கதவிடுக்கில் வாளியை வைத்துவிட்டுத் துணி தேடிப் போனார். வலது லிஃப்ட் பாதி வழியில் நோட்டுக்காகக் காத்து நின்றது. அதற்குள் அவள் கம்பெனி மேனேஜர் இருந்தார்.

போன் அடித்தது. “மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தொங்குறேன்! என்ன பண்ணித் தொலைச்ச?”

“ஒரு வாளி சார்... இதோ எடுத்துடறேன் சார்.”

வெளியே வந்த மேனேஜரின் சட்டை நனைந்திருந்தது. “இந்தப் பொதுவே வேணாம். ஆளுக்கொரு நோட்டு குடுத்துத் தொலை!”

தனித்தனி ப்ராசஸாகப் பிரித்தாள். ஆளுக்கொரு மெமரி, ஆளுக்கொரு பட்டியல். ஒன்றால் மற்றது மாட்டிக்கொள்ளாது. ஆனால் ஒன்று போனது மற்றதற்குத் தெரியவும் தெரியாது. பட்டனை அழுத்திப் பார்த்தாள். இரண்டும் வந்தன. முன்பு அவ்வப்போது, இப்போது ஒவ்வொரு தடவையும், சொல்லிவைத்த மாதிரி.

திருத்த நேரமில்லை. முதலாளிகள் வந்துவிட்டார்கள். அண்ணன், தம்பி. இருவரும் வாயே திறக்கவில்லை. தன்மேல்தான் கோபம் என்று அவள் நினைத்தாள்.

அண்ணன் பட்டனை அழுத்தினார். அவள் தரையைப் பார்த்தாள். டிங். டிங்.

பத்து நிமிடத்தில் மேலே போய் இறங்கி வந்தார்கள். “பிரமாதம்” என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார். தம்பியும் போட்டார்.

அவள் லேப்டாப்பை மூடினாள். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்படி?”

வாட்ச்மேன் வாளியை ஓரமாகத் தள்ளினார்.

“அண்ணன் தம்பி பேசி ஏழு வருஷம் ஆச்சு சார், ஒரு லிஃப்ட் மட்டும் வந்தா யாரு ஏறுறதுன்னு சண்டை, இதுக்கு முன்னாடி மூணு கம்பெனி ஒழுங்கா வேலை செஞ்சே வெளிய போச்சு!”