பாண் அண்ணை கடல் கடத்திய சைக்கிள்

திருகோணமலைத் துறைமுகம் பார்க்காத படை இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரும் பீரங்கியோடு வந்து சண்டை பிடித்தார்கள். கடைசி ஆளைத் தவிர மற்றவர்கள் அடுத்தவனிடம் தோற்றும் போனார்கள். ஒரு பழைய பி.எம்.எக்ஸ் சைக்கிளின் சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடற்படையோடு வாரக்கணக்காக மல்லுக்கட்டி வென்ற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பாண் அண்ணை.

நான் அந்த நாட்களில் மூதூர் லோஞ்ச் படகுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். இறங்குதுறை வாசலில் ஒரு தகரக் கூண்டு, அதற்குள் ஒரு கதிரை, ஒரு தொலைபேசி, நான். குடாவைக் கடந்து மூதூருக்குப் போகிற சனம் முழுவதும் என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்களில் முதலிடம் பாண் அண்ணைக்கு. இறங்குதுறைக்குப் பின்வீதியில் அவருடைய பேக்கரி. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. சோதனைச் சாவடிகளில் மட்டும் பாவனைக்கு வரும். ஆள் கட்டை, வயிறு பெரிது, கண்ணிமை வரை கோதுமை மா. பாண் சுடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. மற்றபடி, ரேடியோவுக்குப் பற்றரி மாற்றுவதற்கும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிறவர்.

மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகள். அவள் மருத்துவிச்சி. மூதூருக்கு அங்காலே சம்பூரில் கலியாணம் செய்து அங்கேயே வேலை பார்த்தாள். ஒரு லேடீஸ் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். சமாதான காலம் என்று பேர்; பாதைகள் மட்டும் இன்னும் சண்டைக் காலத்திலேயே இருந்தன. மாதத்தில் ஒருநாள் சம்பளத்துக்காக நகரத்துக்கு வருவாள். லோஞ்சிலிருந்து இறங்கும்போதே ஒரு கை இடுப்பில் இருக்கும்.

"என்ன பிள்ளை, முதுகோ?"

"ஓம் அப்பா. குழி இல்லாத இடத்திலை மணல், மணல் இல்லாத இடத்திலை குழி. எலும்பெல்லாம் கழண்டு போகுது."

"வேலையை விட்டிட்டு என்னோடை வந்து இரன்."

"நான் விட்டா அந்தப் பொம்பிளையளிட்டை ஆர் போறது?"

பாண் அண்ணை பணிஸ் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுக் கடலைப் பார்ப்பார். மகள் போன பிறகு என் கூண்டுக்கு வந்து நின்று, "தம்பி, முதுகு போனா பிறகு வராது என்ன?" என்று கேட்பார். நான் டிக்கெட்காரன், வைத்தியன் இல்லை என்று சொல்லுவேன். அடுத்த மாதமும் அதையே கேட்பார்.

பேக்கரி மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரன் வாடகைக்கு இருந்தான். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் சமாதானம் பார்க்க வந்தவன். பார்ப்பதற்குச் சமாதானம் அதிகம் இல்லாததால் காலையில் உவர்மலைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து தலைதெறிக்க இறங்குவான். மலையிலிருந்து இறங்குவதற்கென்றே செய்த சைக்கிளாம் அது. முன்னுக்கு இரண்டு தடித்த ஸ்பிரிங் குழாய், இருக்கைக்குக் கீழே கைப்பருமனில் ஒரு சுருள் ஸ்பிரிங், மாட்டுவண்டிக்குப் போடலாம்போல ரயர். நிலைமை கெட்டதும் அவனுக்கு நாட்டுக்குத் திரும்பச் சொல்லி அறிவித்தல் வந்தது. சைக்கிளைப் பாண் அண்ணையிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

பாண் அண்ணை இருக்கையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் புளித்த மாவை அமத்திப் பார்ப்பதுபோல அமத்தினார். அது தாழ்ந்து, மெதுவாகத் திரும்ப எழும்பியது. இன்னொருமுறை அமத்தினார். கண் கலங்கிவிட்டது.

"தம்பி, இதிலை இருந்தா முதுகுக்கு ஒண்டும் தெரியாது. இது என்ர பிள்ளைக்கு."

தெரியுமோ தெரியாதோ என்று பரீட்சித்துப் பார்க்க உவர்மலைக்குப் போனார். ஏறும்போது தள்ளிக்கொண்டு போனதால் ஒரு பிழையும் நடக்கவில்லை. இறங்கும்போது வழியில் ஒரு ஆட்டைக் கண்டு முன் பிறேக்கைப் பிடித்தார். சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. பாண் அண்ணை நிற்கவில்லை. மீன் பெட்டியோடு வந்த ஒருவர்மேல் போய் விழுந்து, இரண்டு பேருமாக வேலிக்கு அங்காலே போனார்கள். எழும்பி வந்து முதலில் தன் முதுகைத் தடவிப் பார்த்து, "பாத்தீங்களோ, முதுகுக்கு ஒண்டுமில்லை" என்றாராம்.

மறுநாள் சைக்கிளை லோஞ்சில் ஏற்றக் கொண்டுவந்தார். சம்பூர் இயக்கத்தின் கையில் இருந்ததால், அந்தப் பக்கம் போகிற சாமானுக்கெல்லாம் இறங்குதுறையில் நேவியின் கேள்வி இருந்தது. வாசலில் நின்றவன் ஒரு சிங்களப் பெடியன்; கொச்சைத் தமிழ் கதைப்பான். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஐயா, ஸ்பிரிங் போட்ட புது மொடல் விட ஏலாது. அங்கால ஆர் ஓடுறது எண்டு எனக்குத் தெரியாதுதானே. பழைய சைக்கிள், தகடு இருந்தா விடலாம்."

ஒரு காலத்தில் சைக்கிளுக்கு நகரசபை சின்னத் தகரத் தகடு கொடுத்தது. பாண் அண்ணை ஓடிப்போய் ஒரு தகட்டைக் கொண்டுவந்து கம்பியால் கட்டினார்.

"இது எந்தச் சைக்கிளின்ர தகடு?"

பாண் அண்ணைக்குப் பொய் சொல்ல வராது. "மகளின்ர பி.எம்.எக்ஸின்ர" என்றார்.

பெடியன் சிரித்துவிட்டான். "அப்ப பி.எம்.எக்ஸைக் கொண்டு வாங்க ஐயா."

அந்த பி.எம்.எக்ஸ், மகளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவளுடைய மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. சிவப்பு நிறம், மஞ்சள் பிளாஸ்டிக் சில்லு, கைபிடியில் பஞ்சுறை. எத்தனை இடப்பெயர்வு வந்தும் கோதுமை மாச் சாக்கில் சுற்றி அடுப்புப் பரணில் கிடந்தது. பாண் அண்ணை நேவிக்காரன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். தகட்டுக்கு ஏற்ற சைக்கிளாக வெள்ளைக்காரனுடையதை மாற்றிவிட்டால் சரிதானே. ஸ்பிரிங்கை மட்டும் விடுவதில்லை.

முதலில் கைபிடி. பி.எம்.எக்ஸ் கைபிடி மெல்லியது, பிடிக்கிற துளை பெரியது. இடைவெளிக்குப் பாண் சுடுகிற தகர அச்சு ஒன்றை வெட்டிச் சுற்றினார். அது இறுகவில்லை. வீதியில் ஓடிப் பார்த்தபோது அவர் இடப்பக்கம் திருப்பினார், கைபிடியும் திரும்பியது, சில்லு மட்டும் நேரே சுங்கத்துச் சுவருக்குப் போனது. இன்னொரு அச்சை வெட்டினார். பிறகு இருக்கைக்கு ஒன்று, பெடல் தண்டுக்கு ஒன்று. எங்கள் பகுதியில் அச்சுப்பாண் தட்டுப்பாடு வந்தது. சனம் சண்டை தொடங்கப் போகிறதோ என்று பயந்து மா வாங்கிச் சேர்த்தது. செயினுக்கு ஒயில் போடச் சொன்னேன், மாஜரின் பூசினார். அன்றிலிருந்து அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் துறைமுகத்து நாய்கள் எல்லாம் நக்கிக்கொண்டு வந்தன.

"இப்ப பி.எம்.எக்ஸ்தானே தம்பி?"

நேவிக்காரப் பெடியன் குனிந்து பார்ப்பான். அவனும் சின்ன வயதில் பி.எம்.எக்ஸ் ஓடினவனாம். ஆகவே ஏமாற்ற ஏலாது.

"சில்லு பெரிசு ஐயா. பி.எம்.எக்ஸ் சில்லு சின்னன்."

மஞ்சள் சில்லுகளைப் பூட்டினார். சைக்கிள் குந்திவிட்டது. வெள்ளைக்காரனின் பிறேக் அந்தச் சில்லுக்குப் பொருந்தாது. செருப்பால் ரயரை மிதித்துத்தான் நிற்பாட்டவேண்டும். ஏறி இருந்தால் ஸ்பிரிங் தாழ, பெடல் நிலத்தில் அடித்தது. உலகத்தில் எந்தத் திசையிலும் ஓடுவதற்கு உதவாத சைக்கிள் ஒன்றை அவர் செய்து முடித்திருந்தார். நான் அதை அவரிடம் சொன்னேன். வழக்கம்போல விரிவாகவே சொன்னேன்.

"சில்லை அவள் அங்கை போய் மாத்துவாள். ஸ்பிரிங் போய்ச் சேரவேணும் தம்பி. அதுதான் விசயம்."

கடைசியாக ஸ்பிரிங்குகளுக்குப் பஞ்சுறையும் சாக்குத் துணியும் தைத்துப் போர்த்திக் கொண்டுவந்தார். பெடியன் துணியை விலக்கினான். வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்துக் குசுகுசுத்தது. சண்டை எந்நேரமும் தொடங்கலாம் என்றிருந்த மாதம் அது. துறைமுகத்தில் ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

"ஐயா, ஏன் இந்த ஸ்பிரிங்கை விடுறீங்க இல்லை?"

"என்ர மகள் மருத்துவிச்சி தம்பி. ரோட்டாலை போய் முதுகு போட்டுது. எனக்கு அவள் ஒருத்திதான்."

பெடியன் இருக்கையில் கை வைத்து அமத்தினான். தாழ்ந்து எழும்பியது. எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு துணியை இழுத்து மூடிவிட்டு, "இது பி.எம்.எக்ஸ்தான். ஏத்துங்க" என்றான்.

லோஞ்ச் கூரையில் அதைக் கட்ட அவனே கை கொடுத்தான். லோஞ்ச் கண்ணில் இருந்து மறையும்வரை பாண் அண்ணை கரையில் நின்றார். அன்றைக்கு அவர் பாண் சுடவில்லை.

அடுத்த மாதம் மகள் இறங்கியபோது கை இடுப்பில் இல்லை. சில்லு மாற்ற அங்கே வழி கிடைக்கவில்லையாம், அப்படியே ஓடினாளாம். "முதுகு பரவாயில்லை அப்பா. பெடல்தான் நிலத்திலை அடிக்குது, ஊர்ப் பிள்ளையள் சிரிக்குதுகள்" என்றாள். பாண் அண்ணை இந்தச் செய்தியை நகரத்தில் பாண் வாங்குகிற ஒருவரையும் விடாமல் சொன்னார்.

பிறகு சண்டை தொடங்கியது. சம்பூரில் குண்டு விழுகிற சத்தம் குடாவைத் தாண்டி எங்கள் கூண்டுத் தகரத்தில் அதிர்ந்தது. லோஞ்ச் நின்றது. சம்பூர்ச் சனம் முழுவதும் எழும்பித் தெற்கே நடந்ததாகச் சொன்னார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. பாண் அண்ணை காலையில் ஒரு பை பணிஸோடு இறங்குதுறைக்கு வந்துவிடுவார். லோஞ்ச் இல்லை, டிக்கெட் இல்லை. அவரும் நானும் நேவிக்காரப் பெடியனும் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு பணிஸ் தின்போம். முதுகைப் பற்றி அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். கேட்கமாட்டாரா என்று எனக்கு இருந்தது.

ஒருநாள் கூண்டுத் தொலைபேசி அடித்தது. லோஞ்ச் நேரம் கேட்க மகள் வழக்கமாக எடுக்கிற இலக்கம் அதுதான். மட்டக்களப்பிலிருந்து கதைத்தாள். நான் ஒன்றும் கேட்காமல் அவர் கையில் கொடுத்தேன். அவள் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. பிள்ளைப் பெறுகிற நிலையில் ஒருத்தியைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தாளாம். ஆற்றைக் கடக்கிற இடத்தில் தோணியில் ஆட்களுக்கு மட்டும்தான் இடம். சைக்கிள் அக்கரையிலேயே நின்றுவிட்டது. அதற்காக அவள் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கிடக்கட்டும் பிள்ளை," என்றார் பாண் அண்ணை. "உனக்கு முதுகு எப்பிடி?"

நேவிக்காரப் பெடியன் எழும்பி அந்தப் பக்கம் போய் நின்றான்.

மறுநாளே இரண்டாவது சைக்கிள் வேலை தொடங்கியது. முதலாவதற்குக் கழற்றிய சாமானெல்லாம் மிச்சம் இருந்தன: வெள்ளைக்காரனின் பெரிய சில்லுகள், அகலக் கைபிடி, பிறேக். பி.எம்.எக்ஸின் சிவப்புச் சட்டமும் கிடந்தது. அதையும் இதையும் பொருத்தி, பாதை திறந்ததும் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் ஏற்றிப் போவதாகத் திட்டம். இருக்கைக்குக் கீழே வைக்க யாரோ பழைய மோட்டார்சைக்கிள் ஸ்பிரிங் ஒன்று கொடுத்திருந்தார்கள். நகரத்தில் மிஞ்சியிருந்த அச்சுப்பாணும் அதோடு முடிந்தது.

பாதை திறக்கவில்லை. ஒருநாள் விடியற்காலை அடுப்பு மூட்ட வந்த பாண் அண்ணையைப் பேக்கரி வாசலில் வைத்துச் சுட்டுப்போட்டார்கள். யார், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற காலம் இல்லை அது. அவரோடு யாருக்கு என்ன பகை இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செத்த வீட்டுக்கு மகளால் வர முடியவில்லை. நாங்கள் அயலவர்கள்தான் எல்லாம் செய்தோம். நான் அன்றைக்கு அழுத அளவுக்கு என் சொந்தத் தகப்பனுக்கு அழவில்லை.

சில நாளில் தொலைபேசி அடித்தது.

"டிக்கெட் அண்ணை, அப்பா கடைசியா என்ன செய்துகொண்டு இருந்தவர்?"

"உங்களுக்குச் சைக்கிள் பூட்டிக்கொண்டு இருந்தவர்."

"இன்னொண்டோ?"

"ஓம். மிச்சச் சாமானிலை."



"சில்லு பெரிசோ, சின்னனோ?"

"பெரிசு."

"அப்ப இந்த முறை பெடல் நிலத்திலை அடிக்காது, என்ன."

நான் அந்தச் சைக்கிளை அன்று காலைதான் பேக்கரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெரிய சில்லு சின்னச் சட்டத்துக்குள் போகாமல், சுத்தியலால் அடித்து அரைவாசியில் இறுக்கி வைத்திருந்தார். தள்ளினால்கூட உருளாது.

"அடிக்காது பிள்ளை," என்றேன். "வடிவா ஓடும்."

பாண் அண்ணை செய்த எதிலும் நொட்டை பிடிக்காமல் நான் விட்டதில்லை. அந்தச் சைக்கிளை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் வராது.