இரண்டு மாதமாகத் தீராத கேஸ்

பாதி முகத்தில் நுரையோடு பேக்கரிக்காரர் சலூன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கத்தியைக் கீழ வைங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் நானும் காரை கேஸுக்கு மாத்தினேன். ஒரு வாரம்கூடத் தாங்கல. உங்களுது மட்டும் எப்படி ரெண்டு மாசமா ஓடுது?"

பெஞ்சில் காத்திருந்த டியூஷன் வாத்தியாரும் பேப்பரை மடித்தார். அவரும் மாற்றியவர்தான்.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேஸ் பொருத்திய அந்தப் பழைய காரை வாங்கியதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரையும் அவர் விட்டதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? வாங்கின அன்றைக்கு அடைத்த கேஸ், கேஸ் அளவு காட்டும் ஸ்விட்சில் நாலு பச்சை விளக்கும் இன்னும் அப்படியே எரிகிறது, பெட்ரோல் வாசனையே மறந்துபோயிற்று என்று அளந்துகொண்டே இருந்தார். பொய் ஒன்றுமில்லை, அத்தனையும் மனசாரச் சொன்னதுதான். இனிமேல் எதற்கு என்று பெட்ரோல் முள்ளின் மேல் தன் கடை ஸ்டிக்கரைக்கூட ஒட்டியிருந்தார்.

ஆரம்பத்தில் வீட்டில்தான் கொஞ்சம் தகராறு. டிக்கியில் கிடந்த கேஸ் உருளையைப் பார்த்ததும் இந்த வண்டியில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாள் மனைவி. ஏன், நம் அடுப்படியில் இல்லையா என்று கேட்டார்.

"அடுப்பு ரோட்டுல போய் லாரி மேல மோதாது" என்றாள்.

மறுநாள் என்ன தோன்றியதோ, தானே வண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து காலையில் ஆஸ்பத்திரி வேலைக்கு அதில்தான் போய்வருகிறாள். பெண்டாட்டியையே வழிக்குக் கொண்டுவந்த தன் சாமர்த்தியத்தை அவர் அடிக்கடி மெச்சிக்கொண்டார்.

இப்போது அந்தச் சாமர்த்தியத்தை நம்பி, கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிற விதத்தில் என்று எடுத்துவிட்டார். மெதுவாகப் போங்கள், ஏசி போடாதீர்கள், ஜன்னலைத் திறக்காதீர்கள்.

இருவரும் அப்படியே செய்தார்கள். பேக்கரிக்காரரின் ரொட்டி போய்ச் சேருவதற்குள் கடைக்காரர்கள் வேறு ரொட்டி வாங்கி விற்றே முடித்திருந்தார்கள். வாத்தியார் தொப்பலாக நனைந்து போய் இறங்க, வெளியே மழையா சார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கேஸ் என்னவோ அதே வேகத்தில்தான் தீர்ந்தது.

அடுத்து, தன் மெக்கானிக்கிடம் அனுப்பினார். அங்கே போய் வந்த பிறகு கேஸ் இன்னும் சீக்கிரம் காலியானது.

"உங்க வண்டி பத்திச் சொன்னதும் அந்த ஆள் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்" என்றார் வாத்தியார்.

பேக்கரிக்காரர் எதிர்வரிசையில் புதிதாகத் திறந்திருந்த ஏசி சலூனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சலூன்காரர் கணக்குப் போட்டார். இந்த இரண்டு பேரும் அங்கே போனால் தெருவே பின்னால் போய்விடும்.

கடை விடுமுறையன்று இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டார். கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தடுக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி பத்து நாளாக அவள் அக்கா வீட்டில். நான் வருகிறவரைக்கும் வண்டியை ரொம்ப எடுக்காதீர்கள் என்று கிளம்பும்போது சொல்லியிருந்தாள். பெண்களுக்கு எதிலும் பயம்தான்.

வண்டி பறந்தது. பாலம் ஏறி இறங்கியது, ஊரைச் சுற்றியது. ஏசி போட்டார், அழுத்தி மிதித்தார். நாலு பச்சை விளக்கில் ஒன்றுகூட அசையவில்லை. கடைசியில் பேக்கரிக்காரரே வழிக்கு வந்தார். "தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

சலூன்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இன்னும் ஒரு சுற்று என்று திருப்பினார். அந்தச் சுற்றில்தான் வண்டி இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது. நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

வாத்தியார் மெல்ல ஸ்டிக்கரைச் சுரண்டினார். பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது.

"அதைத் தொட்டே ரெண்டு மாசமாச்சு, ஆவியாப் போயிருக்கும்" என்றார் சலூன்காரர். "கிளப்புறதுக்கு மட்டும் கொஞ்சம் ஊத்தணும். அப்புறம் கேஸ் பிடிச்சுக்கும்."

மூன்று பேரும் மூச்சுவாங்க வண்டியைத் திருப்பத்திலிருந்த பெட்ரோல் பங்க் வரை தள்ளிப்போனார்கள். கார் வாங்கியதிலிருந்து சலூன்காரர் அந்த பங்குக்குள் வந்ததே இல்லை. பங்கில் வேலை செய்யும் பெண் வண்டியைப் பார்த்ததும் சிரித்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மூடியைத் திறந்தாள்.

"நர்ஸ் அக்கா வண்டிதானே இது? வாராவாரம் அவங்கதான் வந்து ஃபுல் டேங்க் போடுவாங்க, இன்னைக்கு டிரைவரை அனுப்பிட்டாங்களா? கேஸ் குழாயை அவங்க அப்பவே மெக்கானிக்கை விட்டு அடைச்சுட்டாங்க, ஆனா அவங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்கண்ணே, கேஸ்லதான் ஓடுதுன்னு அவர் பாவம் ரொம்ப சந்தோஷமா இருக்காராம்."