நாலாம் நம்பர் மலைப் புளியாரை

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தேயிலையை மட்டும் நம்பி இனி வாழ முடியாது என்று நிர்வாகம் ஒரு குழு அமைத்துக் கண்டறிந்தது. லயத்து வரிசை வீடுகளில் வாழும் ஜனங்கள் இதை எப்போதோ கண்டறிந்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் அதற்கான குழு இல்லை. ஆகவே தோட்ட மேலாளரான துரை பிரதாப், ஜின் என்ற மதுவை வடிக்கத் தீர்மானித்தார். நாலாம் நம்பர் மலையில் கேட்பாரற்று முளைக்கும் புளியாரைதான் அதற்கு வாசனைச் சரக்கு. "மனிதக் காலோ மிருகக் காலோ படாத வனத்தில் தானே விளைந்தது" என்று போத்தலுக்கு லேபலும் அச்சடித்தாயிற்று.

அச்சடித்ததை உண்மையாக்க வேண்டுமல்லவா? மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரன் அறிவித்தார்: "நாலாம் நம்பர்ல இனி மாடு மேயக்கூடாது."

அங்கே மேய்ந்தது ஒரே மாடு. அது நாகலெட்சுமியுடையது. கொழுந்து பறிக்கும் சம்பளம் அரிசியோடு முடிந்துவிடும். பிள்ளைகளின் படிப்பு அந்த மாட்டுப் பாலில்தான் ஓடியது.

"ஐயா, அது வெறும் களைங்க. போன மாசம் அதைப் புடுங்கலைன்னு எனக்கு அரைப் பேரு போட்டு பாதிச் சம்பளம் குடுத்தீங்களே?"

"அது போன மாசம். இப்ப அது மூலிகை."

மாட்டைக் கொட்டிலில் கட்டினாள். பால் பாதியாகிவிட்டது. வனமோ உத்தரவுப்படி தானே விளைந்தது. அதாவது, புல் இடுப்பளவு வளர்ந்து புளியாரையை மூடிவிட்டது.

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் சூம்பிய இலையை முகர்ந்து முகம் சுளித்தார். "முன்ன இதை யார் பராமரிச்சது?"

"யாருமில்லீங்க," என்றாள் பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி. "எம் மாடு புல்லைத் திங்கும், சாணி போடும். புளியாரையைத் தொடாது. புளிக்கும்ல?"

நிபுணர் துரையைப் பார்த்தார். துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு, பார்க்க வேறு ஆளில்லாமல், மாட்டுக் கொட்டிலைப் பார்த்தார்.

அன்றே அந்த மாடு 'வனச் சூழல் மேற்பார்வையாளர்' பதவியில் நிரந்தரமாக்கப்பட்டது. தீவனமும் வைத்தியமும் தோட்டச் செலவு. நாகலெட்சுமி அதற்கு உதவியாளர், தற்காலிகம். லேபலில் 'மிருகக் கால் படாத' என்றிருக்கிறதே என்று நிபுணர் இழுத்தார். உத்தியோகத்தர் எவரும் மிருகமாகக் கருதப்படமாட்டார் என்று நிர்வாகம் விளக்கமளித்தது.

நாகலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லயமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் மறுநாள் பெரட்டுக்குத் தங்கள் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் ஆளாக, பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு வெள்ளாட்டோடு நின்றாள்.

"நாகு, எங்க ஆட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்."

நாகலெட்சுமி சேலையை நீவிவிட்டுக்கொண்டு, ஆட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரிசையில நில்லு, வடிவு. மேடம் மேய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க."