முழு பூஸ்டில் என் கணவர்

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் ஞானையன், 2003ஆம் ஆண்டு போர் விமானி ஆனார். விமானம் கணினி விளையாட்டுக்குள் இருந்தது. அவர் திருவனந்தபுரத்தில், எங்கள் முன்னறையில் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நாகர்கோவிலில் என் தங்கையின் புதுவீட்டுப் பிரதிஷ்டை, அதாவது ஜெபத்தோடு குடிபுகும் விசேஷம். அவருக்கு வர மனமில்லை. முந்தைய இரு விசேஷங்களுக்கும் நான் தனியே போய், "அத்தான் எங்க?" என்ற கேள்விக்குக் கூசி நின்றிருக்கிறேன். மூன்றாம் முறை நிற்பதாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவரே ஒரு போட்டியை அறிவித்தார்.

"கேட்டியா சுசீலா, ஆளுக்கு ஒரு தடவ விமானம் ஓட்டுவோம். யாரு அதிக நேரம் மேல நிக்காங்களோ, அவங்க சொல்லுததுதான். நீ ஜெயிச்சா நாகர்கோவிலுக்கு வாரேன்."

"சரி. சாயங்காலம் வச்சுக்கலாம்."

பூஸ்ட் என்பது இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வேகத்தைக் கூட்டுவது. விளையாட்டின் எளிய அமைப்பில் அதை எவ்வளவு நேரம் முழுதாக வைத்தாலும் கேடில்லை. 'நிஜ இயந்திரம்' என்ற கட்டத்தில் குறியிட்டாலோ, உண்மை விமானத்தைப் போலவே சூடேறி எரிந்துவிடும். மாலையில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புன்னகையோடு அந்தக் குறியை இட்டார். நான் காப்பியோடு பின்னால் நின்றதை அறியவில்லை. நான் பௌதிகம் கற்பித்தவள் என்பதும் அப்போது அவர் நினைவில் இல்லை.

"வா, நீ மொதல்ல ஓட்டு. இந்த பூஸ்ட் லிவர முழுசா தள்ளிரு. பயப்படாத."

"அது எப்படி? மொதக் காப்பி உங்களுக்கு, மொதப் பேப்பர் உங்களுக்கு. இந்த வீட்டுல எதையும் நீங்கதான் தொடங்கணும்னு சட்டம் போட்டது யாரு?"

சட்டம் அவருடையது. என் கண்ணெதிரே குறியை நீக்கவும் வழியில்லை. அமர்ந்தார். லிவரைப் பாதிக்குமேல் தள்ளாமல், தலையில் முட்டைக்கூடை சுமப்பவரைப் போல் பறந்தார்.

எதிரே பகைவனின் விமானம் ஒன்று தென்பட்டது.

"அவன் போறானே, விட்டுருவீங்களா? தம்பானூர் ஆட்டோ இதவிட வேகமாப் போகும்."

"இது நிதானமாக்கும்."

"பயமாக்கும்னு நெனச்சேன்."

லிவர் கடைசி வரை போயிற்று.

"இப்போ பாரு!"

பார்த்தேன். சூடுகாட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. புகை எழுந்தது. பகைவன் ஒரு குண்டும் செலவழிக்காமல் போய்விட, எங்கள் விமானம் கடலில் இறங்கியது.

அடுத்து நான் அமர்ந்தேன். பாதி பூஸ்டில் ஏறி, பகைவனைக் கண்டதும் மேகத்துக்குள் ஒதுங்கி, அவர் கொட்டாவி விடும்வரை சுற்றிக்கொண்டிருந்தேன்.

"போதும், எறக்கு. எஞ்சின் சூடாகும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்க டிக் போடும்போது பின்னாலதான் நின்னேன்."

அவர் கணினியை அணைத்தார்.

"சரி, நானும் வாரேன்னு ஒன் தங்கச்சிக்குப் போன் போடு."

"நேத்தே போட்டாச்சு. உங்க வெள்ளச் சட்டையும் தேச்சாச்சு."